இரண்டாம் பாதியில் வரும் ஆள்

குத்துக்கல்வலசையில் ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பது தென்காசி தியேட்டரில் முடிவாவதில்லை. ஜெயசித்ராவின் மாவுக்கடை வாசலில்தான் முடிவாகிறது. இதைச் சொன்னால் தியேட்டர்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு படத்துக்குப் போகலாம் என்று இருக்கிறவர்கள் சனிக்கிழமை சாயந்தரம் தூக்குவாளியோடு கடைக்கு வருவார்கள். மாவு வாங்குவதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி, "யக்கா, படம் எப்படி?" என்பதுதான்.

அவள் வெள்ளிக்கிழமையே பார்த்திருப்பாள். காலை விற்பனை முடிந்து, அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டால், கிரைண்டரைப் போடும் நேரம் வரை கையில் வேலை கிடையாது. அந்த நேரத்துக்குள் பகல் காட்சி அடங்கிவிடும். துணைக்குப் பக்கத்து வீட்டு மிஸ்ரியா. அவள் செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். அவளிடம் எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் "கொள்ளாம்" என்று ஒரே வார்த்தைதான் வரும். நல்லா இருக்கு என்று அர்த்தம். தலைவலி வருகிற படத்துக்கும் கொள்ளாம், தூங்கிப்போன படத்துக்கும் கொள்ளாம். அதனால் அவளிடம் யாரும் கேட்பதில்லை.

ஜெயசித்ரா சுற்றி வளைக்க மாட்டாள். "பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போவாதீங்க. அவன் வெட்டுத வெட்டுல ரத்தம் நம்ம சேலைல தெறிக்கி." "இடைவேளையில எந்திரிச்சு வந்துட்டா நல்ல படம்." "ஏசி நல்லா போட்டிருக்கான், போயிட்டு வாங்க." அவ்வளவுதான். ஒருமுறை குற்றாலத்தில் எடுத்த பாட்டு இருக்கிறதென்று ஒரு படத்துக்கு ஊரே கிளம்பிப் போனது. அந்தப் பாட்டில் கதாநாயகி மெயினருவியில் குளித்துவிட்டு, அடுத்த வரிக்கு ஏதோ தேயிலைத் தோட்டத்தில் நின்றாள். "மெயினருவில குளிச்சுட்டுத் தலை தொவட்டதுக்கு ஊட்டிக்குப் போயிருக்கா" என்று ஜெயசித்ரா சொன்னது மேலகரம் வரைக்கும் போய்விட்டது.

இதெல்லாம் கடை வாசலுக்கான பேச்சு. அவளுடைய நிஜமான படப் பேச்சு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் நடக்கும். எதிர்முனையில் அவள் புருஷன் முத்துச்செல்வம். ராணுவத்தில் ஹவில்தார். ஊரிலிருந்து ரயிலில் ஏறினால் மூன்றாம் நாள் போய் இறங்குகிற இடத்தில் வேலை.

கல்யாணம் ஆன புதிதில் அவர்கள் சிவகிரிப் பக்கம் அவனுடைய ஊரில், கூட்டுக் குடும்பத்தில் இருந்தார்கள். அதாவது, அவள் இருந்தாள். அவன் லீவு முடிந்து போய்விட்டான். வீட்டுக்கு ஒரே ஒரு செல்போன். அது மாமியார் ரெங்கம்மாளின் சுருக்குப்பையில் இருக்கும். மகனிடம் தான் பேசி முடித்துவிட்டு மருமகளிடம் கொடுப்பாள். கொடுத்துவிட்டு நகர மாட்டாள். கொழுந்தன், நாத்தனார், பக்கத்து வீட்டில் உப்பு வாங்க வந்தவள் என்று சுற்றிலும் ஒரு கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் புதுப்பெண் புருஷனிடம் என்ன பேசுவாள்?

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"சாப்ட்டேன். மழை உண்டா அங்கன?"

"இல்ல."

அதோடு பேச்சு தீர்ந்துவிடும். இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அப்படி ஒருநாள் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் அவன், "படம் எதுவும் பாத்தியா?" என்று கேட்டான். பொங்கலுக்கு டிவியில் போட்ட படத்தை அவள் பார்த்திருந்தாள். அவனும் முகாமில் பார்த்திருந்தான். கதாநாயகன் பாவம் என்றான் அவன். அவன் பாவமா, அவனைக் கட்டினவள்தான் பாவம் என்றாள் அவள். சண்டை வந்துவிட்டது. சிரிப்பும் வந்துவிட்டது. ரெங்கம்மாள் கொஞ்சநேரம் கேட்டுப் பார்த்தாள். "சினிமாவப் பத்தித்தான பேசுதுக, பேசட்டும்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று பிடித்த பழக்கம்தான். ஒரே படத்தை இரண்டு பேரும் அவரவர் இடத்தில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசுவது. புதுப்படத்தை அவள் தியேட்டரில் பார்த்தாலும், அவனுக்குப் போனில் வருகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. படத்தை அவள்தான் தேர்ந்தெடுப்பாள். அவன் எல்லாப் படத்தையும் தாங்கிப் பேசுவான், அவள் எல்லாப் படத்தையும் கிழிப்பாள். இருபது வருஷத்தில் ஒரு படத்துக்குக்கூட இரண்டு பேரும் ஒத்துப்போனதில்லை.

போகப் போக அந்தப் பேச்சுக்குள் வேறொரு பேச்சும் வந்து உட்கார்ந்துகொண்டது. யார் தொடங்கியது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ரெங்கம்மாளுக்கு ஆபரேஷன் என்று தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அவன் லீவு கிடைக்காது என்று சொல்லியிருந்தான். கேட்டுத்தான் பாருங்களேன் என்று சொல்ல ஜெயசித்ராவுக்கு வாய் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல உள்ளவன் பிரச்சினையெல்லாம் தீத்து வைக்கான். பெத்த அம்மா ஆஸ்பத்திரில கெடக்கா, ஒரு சீன்லகூட எட்டிப் பாக்கல. இவனெல்லாம் ஒரு ஹீரோவா?"

 "டைரக்டர் மறந்திருப்பான்" என்றான். அந்த வாரக் கடைசியில் பெட்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். "டைரக்டருக்கு ஞாவகம் வந்துட்டு போல" என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள் ஜெயசித்ரா.

அவனும் அப்படித்தான். கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தனியாகப் போகலாமா என்று அவளிடம் நேரே கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. "அந்தப் படத்துல அவங்க தனி வீடு பாத்துப் போனது சரிங்கியா?" என்று கேட்டான். "சரிதான். ஒரு அடுப்படில ரெண்டு பேரு நின்னா கொழம்பு தீஞ்சுதான் போவும்" என்றாள். அடுத்த லீவில் குத்துக்கல்வலசையில் இடம் பார்த்தார்கள். வீடு கட்டினார்கள். முன்பக்கத்து அறையில் மாவுக்கடை வந்தது.

இப்படி ஒன்றிரண்டு காரியம் கூடிவந்ததும் இரண்டு பேருக்கும் ஒரு மிதப்பு வந்துவிட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரியும், அவர் சொல்வது நமக்குப் புரியும் என்ற மிதப்பு. எதைப் படமாகக் கேட்க வேண்டும், எதை மனசாகக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒருநாளும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. படத்தில் யாராவது ரயிலேறிப் போகிற காட்சி வந்தால், "அந்தச் சீன்ல எனக்கு அழுகை வந்துட்டு" என்று அவள் தவறாமல் சொல்வாள். "கேமரா நல்லா இருந்துச்சு" என்று அவனும் தவறாமல் சொல்வான். அதற்குமேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

ரெங்கம்மாள் காலமாகிச் சில வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஒட்டுக் கேட்க யாரும் இல்லை. போன வருஷம் மகளும் கல்லூரி ஹாஸ்டலுக்கு என்று திருநெல்வேலிக்குப் போய்விட்டாள். வீட்டில் கிரைண்டர் நின்றால் வேறு சத்தம் கிடையாது. முத்துச்செல்வத்துக்குச் சர்வீஸ் முடிகிற வருஷம் இது. ஆவணியில் வந்துவிடுவான். ஜெயசித்ரா அதற்காகத்தான் ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் வந்தால் இன்னொரு கிரைண்டர் போடலாம், குற்றாலத்து ஹோட்டல்களுக்கு வண்டியில் மாவு கொண்டுபோய்ப் போட அவன் இருப்பான், சாயந்தரம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படத்துக்குப் போகலாம். கல்யாணம் ஆனதிலிருந்து லீவில் வந்தபோது பார்த்த ஒன்றிரண்டைத் தவிர அவனோடு தியேட்டரில் உட்கார்ந்ததே இல்லை. இதையெல்லாம் அவள் மிஸ்ரியாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். சொல்ல வேண்டிய ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. அதுதான் வரப்போகிறானே, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

பொங்கல் கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சை முடிக்கும்போது அவன் சொன்னான்.

"அடுத்த வாரத்துக்கு நான் ஒரு படம் சொல்லுதேன். பாக்கியா?"

"என்ன அதிசயமா இருக்கு. என்ன படம்?"

அவன் பெயரைச் சொன்னான். தீபாவளிக்கு வந்து, தென்காசியில் மூன்று நாளில் தூக்கிவிட்ட படம். இப்போது போனில் வந்திருந்தது.

"அதையா? அதை எவனும் சீண்டல."

"சும்மா பாரு. பாத்துட்டு நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசித்துச் சொல்லு என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

மிஸ்ரியாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வீட்டு டிவியில் பார்த்தாள். கதை இதுதான். ஒரு பெண் சிறிய ஊரில் மெஸ் நடத்துகிறாள். புருஷன் எங்கோ வடக்கே மின்சார இலாகாவில் வேலை. முதல் பாதி முழுக்க அந்தப் பெண்ணும், அவளோடு வேலை பார்க்கிற பெண்களும், அவர்கள் கேலியும் கிண்டலும். ஜெயசித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். இடைவேளையில் புருஷன் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்கிறான். அந்த வேஷத்தில் ஒரு பழைய நடிகர். சட்டையை இன் பண்ணிக்கொண்டு மெஸ்ஸுக்குள் நின்று எல்லாரையும் அதட்டுகிறார். சாம்பாரை முகர்ந்து பார்க்கிறார். ஒரு வரி வசனத்தை ஒரு நாழிகை இழுக்கிறார். கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, பிழைத்து, எல்லாரும் அழுது, படம் முடிகிறது.

"கொள்ளாம்" என்றாள் மிஸ்ரியா.

"நல்லா கெடந்த படத்தை அந்த ஆளு வந்து கெடுத்துட்டான்" என்று ஜெயசித்ராவுக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது. நல்ல முதல் பாதியைப் பாழாக்கினால் அவளுக்குப் பொறுக்காது. அந்த எரிச்சலை வாரம் முழுவதும் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை போனில் கொட்டினாள்.

"முதல் பாதி எம்புட்டு நல்லாருக்கு தெரியுமா? அந்தப் பொம்பள அது பாட்டுக்கு மெஸ்ஸ நடத்திக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, எவ்வளவு லட்சணமா இருக்கா. அந்த ஆளு ரிட்டயர்டாயி வீட்டுக்கு வந்தான் பாருங்க, படம் அப்பவே விழுந்துட்டு."

"அவன் என்ன செய்வான்? வேலை முடிஞ்சா வீட்டுக்குத்தான வரணும்."

"வந்தவன் சும்மா கெடக்க வேண்டியதுதான? சாம்பார மோந்து பாக்கான், கணக்குக் கேக்கான். பாக்கவே சகிக்கல."

"அப்ப அவன் வராமலே இருந்திருக்கலாம்ங்கியா?"

"ஆமா. பேசாம வேலையிலயே கெடந்திருக்கலாம். மாசாமாசம் சம்பளத்த அனுப்பிக்கிட்டு, போன்ல பேசிக்கிட்டு. படமாவது நல்லாருந்திருக்கும்."

வழக்கமாக இந்த இடத்தில் அவன் சண்டைக்கு வருவான். உனக்கு நடிப்பைப் பற்றி என்னட்டி தெரியும் என்பான். அன்று சண்டைக்கு வரவில்லை.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. போனை வைத்துவிட்டு மிஸ்ரியா வீட்டுக்கு ஓடி, "என் வீட்டுக்காரர் இன்னைக்கு என்கிட்ட தோத்துட்டாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடைக்கு வந்தவர்களிடமும் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு நல்ல வாரமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் படத்தைப் பற்றி வாயெடுப்பதற்குள் அவன் சொன்னான்.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டேன் சித்ரா."

"எங்க இருக்கேன்னு?"

"இங்கனதான். சர்வீஸ்ல. ரெண்டு வருஷம் கூட இருக்கலாம்னாங்க. விருப்பம் உள்ளவங்க எழுதிக் குடுக்கணும்னாங்க. செவ்வாக்கெழம குடுத்துட்டேன்."

ஜெயசித்ரா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க."

"கேட்டேம்லா."

"எப்ப கேட்டீங்க?"

"அந்தப் படத்தைப் பாத்துட்டு யோசிச்சுச் சொல்லுன்னு சொன்னேம்லாட்டி. நீதான சொன்ன, அவன் பேசாம வேலையிலயே கெடந்திருக்கலாம்னு."

அவன் குரலில் கோபம் இல்லை. குறைகூட இல்லை. நீ கேட்டதைச் செய்துவிட்டேன் என்று சொல்கிற குரல்தான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. நான் சொன்னது அந்த நடிகனைப் பற்றி என்று சொல்ல வந்தாள். அதைச் சொல்லவில்லை. "கடைக்கு ஆள் வந்திருக்கு" என்று போனை வைத்தாள். கடைக்கு யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எவள் மாவு வாங்க வருவாள்?

அன்று சாயந்தரம் மிஸ்ரியாவோடு ஐந்தருவிக்குப் போவதாக முன்பே பேசி வைத்திருந்தார்கள். வரவில்லை என்று சொன்னவளை மிஸ்ரியா விடவில்லை, இழுத்துக்கொண்டு போனாள். தை மாதத்து ஐந்தருவியில் கூட்டமும் இல்லை, தண்ணீரும் பெரிதாக இல்லை. பெண்கள் பக்கம் ஒரு கிளையில் மட்டும் ஒல்லியாக விழுந்துகொண்டிருந்தது. ஜெயசித்ரா அதற்கடியில் தலையைக் கொடுத்துவிட்டு நெடுநேரம் நின்றாள். வெளியே வந்து தலையைத் துவட்டும்போது நடந்ததைச் சொன்னாள்.

மிஸ்ரியா எல்லாவற்றையும் கேட்டாள். இந்தத் தடவை கொள்ளாம் என்று சொல்லவில்லை.

"உனக்குக் கோட்டியாட்டி பிடிச்சிருக்கு? கட்டுன புருஷன்ட்ட வாங்கன்னு சொல்லுததுக்கு எதுக்குட்டி சினிமா? போனைப் போடு."

"என்னன்னு சொல்ல?"

"வாங்கன்னு சொல்லு."

"அப்படி நான் சொன்னதே இல்ல மிஸ்ரியா."

"அப்ப இன்னைக்குச் சொல்லு. நான் அங்கன பஜ்ஜிக் கடையில நிக்கேன்."

ஈரத் தலையோடு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்து ஜெயசித்ரா போனை எடுத்தாள். எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. பழக்கதோஷம், போன வருஷம் பார்த்த ஒரு படம் வாயில் வந்தது. "அந்தப் படத்துல அந்தப் பொம்பள வீட்டுக்காரன் வரமாட்டான்னு தெரிஞ்சதும்..." என்று தொடங்கிவிட்டாள். பாதியில் தன் மேலேயே வெறுத்துப்போய் நிறுத்தினாள். இந்தப் பழக்கத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

"சித்ரா? லைன்ல இருக்கியா?"

"நீங்க வீட்டுக்கு வந்துருங்க" என்றாள். "அந்தப் பேப்பரத் திரும்ப வாங்கிருங்க. ரெண்டு வருஷமெல்லாம் வேண்டாம். எனக்குத் தனியா இருக்க முடியல."

அவன் கேட்டான்.

"இது எந்தப் படத்துல வருது?"

"எந்தப் படத்துலயும் வரல. நான் சொல்லுதேன்."

   அவன் குரல் கம்மியிருந்தது.

"கல்யாணம் ஆன நாள்லருந்து நீ என்னைய வாங்கன்னு கூப்பிட்டது இதான் மொதத் தடவ, தெரியுமா?"

"என்ன சொல்லுதீங்க? வாரா வாரம் கூப்பிட்டேனே. ரயில் சீன் வரும்போதெல்லாம் அழுதேன்னு சொன்னேனே."

"அது படத்துக்குல்லா அழுதன்னு நெனச்சேன்."

ஜெயசித்ராவுக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. அவன் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரம் இல்லை. இருபது வருஷமாக ரயில் சீனில் மனசைச் சொன்னபோதெல்லாம் அவன் படத்தைக் கேட்டிருக்கிறான். ஒரே ஒரு நாள் படத்தைச் சொன்னாள். அன்றைக்குப் பார்த்து மனசைக் கேட்டுவிட்டான். இதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்றிருந்தது. இரண்டும் வரவில்லை.

"நீ சந்தோஷமா கடைய நடத்திக்கிட்டு இருக்க. நான் வந்து நடுவுல நின்னா ஒனக்கு எடஞ்சலா இருக்குமோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு இது" என்றான் அவன். "அதான் அந்தப் படத்தைக் குடுத்துக் கேட்டேன்."

"நேரா கேட்டா நான் என்ன கடிச்சா வைப்பேன்?"

"நீ மட்டும் நேரா சொன்னியாக்கும்."

 காலையில் ஆபீசில் போய்க் கேட்கிறேன் என்றான். பஸ்ஸில் வரும்போது மிஸ்ரியா பஜ்ஜிப் பொட்டலத்தை நீட்டினாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள் ஜெயசித்ரா. நாளைக்குப் பேப்பர் கைக்கு வந்துவிடும் என்றுதான் அப்போது நம்பினாள்.

திங்கட்கிழமை அவன் கூப்பிட்டபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடை வாசலில் நாலைந்து பெண்கள் பாத்திரத்தோடு நின்றார்கள். உளுந்து ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"மேல அனுப்பியாச்சாம் சித்ரா. இனிமே திரும்ப எடுக்க முடியாதுன்னுட்டாங்க. நான் எங்க ஆபீசர் சாயிப்புகிட்ட எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன்."

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். வாசலில் நின்றவர்கள் என்ன ஏது என்று பார்த்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண்ணிலிருந்து வழிந்தது. கையெல்லாம் மாவு, துடைக்கவும் முடியவில்லை. அந்தத் தெருவில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

"அழாதட்டி. ரெண்டு வருஷம்தான, ஓடிரும்."

"ஓடட்டும். நீங்க இப்ப லீவு போட்டுட்டு வாங்க."

"இப்பவா? அருவில தண்ணிகூட இருக்காதே. சீசனுக்கு வாரேன், பிள்ளைக்கும் அப்ப லீவா இருக்கும்."

"தண்ணிக்கா கூப்பிடுதேன்? எனக்கு உங்களப் பாக்கணும்."

வாசலில் ஒரு பாத்திரம்கூட அசையவில்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அது தெரிந்தும் அவள் குரலைத் தணிக்கவில்லை.

"எனக்கு உங்களப் பாக்கணும்ங்க" என்றாள் இன்னொரு முறை.

"லீவுக்கு இன்னைக்கே எழுதிக் குடுக்கேன்" என்றான் முத்துச்செல்வம்.